நாற்பது ஆண்டுகளுக்குப் பின் டைட்டன்ஸ்: எதை நம்பிப் படிக்கலாம், எங்கே நின்று யோசிக்க வேண்டும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாட்களில் தொலைக்காட்சியில் இளம் சூப்பர்ஹீரோக்களின் குழுவைப் பற்றிய டீன் டைட்டன்ஸ் கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அதற்கு மூலமான 1980களின் காமிக்ஸ் தொகுப்புகளை வாங்கும் எண்ணம் வந்திருக்கிறது. நண்பர்களில் ஒருவர் அதைத் தலைசிறந்த படைப்பு என்கிறார், இன்னொருவர் அது காலாவதியாகிவிட்டது என்கிறார். வாங்கினால் உங்கள் பதினான்கு வயது அக்கா மகளும் கையில் எடுப்பாள் என்பதால் தயங்குகிறீர்கள். பழைய பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கதையில் இன்று ஏதாவது மிஞ்சுகிறதா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். மிஞ்சுகிறது, நிறையவே மிஞ்சுகிறது. ஆனால் அதன் உச்சம் என்று எல்லோரும் கொண்டாடுகிற இடத்திலேயே ஒரு பெரிய தவறும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

நான் சிறுவர் பத்திரிகைகளுக்குப் படம் வரைவதைத் தொழிலாகக் கொண்டு இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. பதினேழு வயதில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த நிலையில் கிடைத்த சில இதழ்களில் தொடங்கி, பின்னர் தொகுப்புகளாக வாங்கி, இதுவரை நான்கைந்து முறை முழுமையாகப் படித்திருக்கிறேன். ஆகவே பக்க அமைப்பு, முகபாவம், கட்டங்களின் ஓட்டம் பற்றிச் சொல்வதைத் தொழிலறிவோடு சொல்கிறேன். பாத்திரங்களின் மனநிலை பற்றிச் சொல்வது ஒரு வாசகனின் கருத்து மட்டுமே, நான் உளவியல் படித்தவன் அல்ல. எது அச்சில் இருப்பது, எது படைத்தவர்களே பின்னாளில் சொன்னது, எது என் ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

தொடக்கத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் 1980இல் நடந்த மாற்றத்தின் அளவு புரியும். 1940இல் டிடெக்டிவ் காமிக்ஸின் 38ஆம் இதழில் ராபின் அறிமுகமானான். சர்க்கஸில் அந்தரத்தில் ஆடும் பெற்றோரைப் பறிகொடுத்த டிக் கிரேசன் என்ற சிறுவன் அவன். பேட்மேன் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்க முடியாது, ஷெர்லாக் ஹோம்ஸுக்கு ஒரு வாட்சன் போல அவனுக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது என்று எழுத்தாளர் பில் ஃபிங்கர் பின்னாளில் சொன்னார். அதாவது, சைட்கிக் என்று அழைக்கப்படும் இந்தத் துணைப் பிள்ளைகள் பிறந்ததே பெரியவரின் பேச்சைக் கேட்பதற்காகத்தான். அடுத்த ஆண்டே ஸ்பீடி, பக்கி, சாண்டி என்று வரிசையாக வந்தார்கள். 1960ஐ ஒட்டி கிட் ஃபிளாஷும் அக்வாலேடும் சேர்ந்தார்கள். இவர்களுக்கென்று வீடு, ஆசை, கோபம் எதுவும் பெரிதாகக் கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு பெரிய பெயரின் சிறிய அச்சு.

1964இல் பாப் ஹேனி எழுத, புருனோ பிரெமியானி வரைய, தி பிரேவ் அண்ட் தி போல்டு 54ஆம் இதழில் ராபினும் கிட் ஃபிளாஷும் அக்வாலேடும் முதன்முறையாகப் பெரியவர்கள் இல்லாமல் ஒன்றுசேர்ந்தார்கள். ஒரு சிற்றூரில் இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் இடையே பிணக்கு. நடுவில் மிஸ்டர் ட்விஸ்டர் என்ற வில்லன் அந்த ஊர்ப் பிள்ளைகளைக் கவர்ந்து போகிறான். மறு ஆண்டு டீன் டைட்டன்ஸ் என்ற பெயரும் வந்தது, ஒண்டர் கேர்ளும் வந்தாள். இங்கே ஒரு சுவையான குழப்பம் உண்டு. அதுவரை வந்த கதைகளில் ஒண்டர் கேர்ள் என்பது ஒண்டர் உமனின் சிறுவயது வடிவமே தவிர தனிப் பெண் அல்ல. அவளைத் தனிப் பெண்ணாகக் குழுவில் சேர்த்துவிட்டதால், பெற்றோரும் பிறந்த கதையும் இல்லாத ஒரு பாத்திரம் உருவாகிவிட்டது. 1969இல் மார்வ் உல்ஃப்மேன் என்ற இளம் எழுத்தாளர், தீப்பிடித்த கட்டடத்திலிருந்து ஒண்டர் உமன் காப்பாற்றிய குழந்தை அவள் என்று எழுதி, டோனா டிராய் என்று பெயரும் சூட்டினார். இந்தக் குழந்தையைப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அவரே மறுபடி தேடிப் போகப்போகிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய இதழ்களில் நிக் கார்டியின் படங்கள் இன்றும் அழகாக இருக்கின்றன. உரையாடல்தான் படிக்கக் கடினம். நாற்பதை நெருங்கிய ஒருவர் இளைஞர்களின் கொச்சையைக் கற்பனை செய்து எழுதியது வரிக்கு வரி தெரிகிறது. அதை வரலாறாகப் பாருங்கள், தொகுப்பு வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் 1969இன் ஒரு நிகழ்ச்சியை நான் விட்டுவிட விரும்பவில்லை. உல்ஃப்மேனும் லென் வீனும் சேர்ந்து 20ஆம் இதழுக்காக ஒரு கறுப்பின இளைஞனை நாயகனாக வைத்துக் கதை எழுதினார்கள். ஜெரிக்கோ என்பது அவன் பெயர். வரைந்து முடித்த பிறகு, அச்சுக்குப் போகும் தறுவாயில், டிசி நிறுவனத்தின் மேலிடம் அதை நிறுத்தியது. நீல் ஆடம்ஸ் அவசரமாக மாற்றி எழுதி வரைந்த வடிவத்தில் அந்த நாயகன் வெள்ளையனாகிவிட்டான். இதழ் 1973இல் நின்றது, 1976இல் மீண்டு 1978இல் மறுபடி நின்றது.

பிறகு 1980 வந்தது. தடுக்கப்பட்ட அதே இரண்டு இளைஞர்கள், இப்போது உல்ஃப்மேன் எழுத்தாளராகவும் வீன் ஆசிரியராகவும், தி நியூ டீன் டைட்டன்ஸ் முதல் இதழை நவம்பர் 1980 தேதியிட்டுக் கொண்டுவந்தார்கள். ஓவியர் ஜார்ஜ் பெரெஸ், அவருடைய பென்சில் கோடுகளின் மேல் மைக்கோடு இட்டவர் ரோமியோ டங்கல், வண்ணம் ஏட்ரியன் ராய். ராபின், கிட் ஃபிளாஷ், ஒண்டர் கேர்ள், சேஞ்ச்லிங் என்று பெயர் மாற்றிக்கொண்ட பீஸ்ட் பாய் ஆகிய பழையவர்களோடு சைபார்க், ஸ்டார்ஃபயர், ரேவன் என்ற மூன்று புதியவர்கள் சேர்ந்தார்கள். சைபார்க் என்னும் விக்டர் ஸ்டோன் கறுப்பின இளைஞன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட கதைக்கு இது பதிலா என்பது என் ஊகம்தான். ஆனால் ஜெரிக்கோ என்ற பெயரையே உல்ஃப்மேன் 1984இல் வேறொரு பாத்திரத்துக்குச் சூட்டினார் என்பது அச்சிலேயே இருக்கிறது.

இந்தப் புதிய குழுவைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். விக்டரின் விஞ்ஞானித் தந்தை சைலஸின் ஆய்வுக்கூட விபத்தில் தாய் இறக்கிறாள். சிதைந்த மகனை உலோகம் பொருத்திப் பிழைக்க வைத்த தந்தையை மகன் மன்னிக்க மறுக்கிறான். ரேவனின் தகப்பன் டிரைகன் என்ற அசுரன். கோரி என்று அழைக்கப்படும் ஸ்டார்ஃபயர் தன் தந்தையாகிய அரசனாலேயே சமாதான உடன்படிக்கைக்காக அடிமையாக ஒப்படைக்கப்பட்டவள். சேஞ்ச்லிங் என்னும் கார் லோகன் பெற்றோரை இழந்து வளர்ப்புத் தந்தையிடம் ஏங்குகிறவன். டோனாவுக்குப் பெற்றோர் யார் என்றே தெரியாது. ராபினுக்கு பேட்மேன் இருக்கிறார், அதுவே அவன் சிக்கல். இரண்டாம் இதழில் வரும் கூலிக்கொலைகாரன் ஸ்லேட் வில்சன்கூட, டைட்டன்ஸோடு மோதி இறந்துபோன தன் மகன் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை முடிப்பதற்காகத்தான் பகையாளி ஆகிறான். பெரியவர்களால் காயப்பட்ட பிள்ளைகள் ஒருவருக்கொருவர் குடும்பமாவதுதான் இந்த நூலின் உயிர். மீசை முளைக்கும் வயதில் இதைப் படித்தபோது சண்டைக் காட்சிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பெற்றவனான பிறகு படித்தபோது ஒவ்வொரு இதழிலும் ஒரு தகப்பனோ தாயோ தவறு செய்துகொண்டிருப்பது மட்டும்தான் கண்ணில் பட்டது.

ஓவியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் காலம் கடந்தும் நிற்பதில் பெரும்பங்கு அதற்கு உண்டு. நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் பிறந்து, கலைக் கல்லூரிக்குப் போகாமல் தானாகவே கற்றவர் பெரெஸ். 2022இல் மறைந்தார். ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டங்களை அடுக்கினாலும் எது முன், எது பின் என்ற குழப்பம் வராது. இது எவ்வளவு கடினம் என்பது கட்டம் போட்டு வரைந்தவர்களுக்குத் தெரியும். நான் இன்றும் என்னிடம் பயில வரும் பிள்ளைகளுக்கு அவருடைய முகங்களைக் காட்டுகிறேன். அக்கால ஓவியர்கள் பலரிடம் ஒரே பெண் முகம்தான் இருக்கும், கூந்தலின் நிறம் மாறினால் ஆள் மாறிவிடுவாள். பெரெஸ் வரைந்த டோனாவும் கோரியும் ரேவனும் கூந்தலை மழித்துவிட்டாலும் தனித்தனி ஆட்களாகத் தெரிவார்கள். ரேவனின் கன்ன எலும்பு, கோரியின் அகன்ற கண், விக்டரின் தாடை இறுக்கம் எல்லாம் குணத்தைச் சொல்கின்றன. கூட்டமாக நிற்கும் காட்சியில் பேசாதவர்களும் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டோ சலித்துக்கொண்டோ இருப்பார்கள். டங்கலின் மைக்கோடு சில இதழ்களில் இந்த நுணுக்கத்தை மழுங்கடித்துவிட்டது என்பது என் கருத்து. கெடுவுக்கு மாதந்தோறும் இதழ் முடிக்க வேண்டிய நெருக்கடியை அறிந்தவன் என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

எங்கே இந்த நூல் தன் உயரத்தைத் தொடுகிறது என்று கேட்டால், யாரும் யாரையும் அடிக்காத இதழ்களைக் காட்டுவேன். 8ஆம் இதழ் குழுவினரின் ஒரு சாதாரண நாளைச் சொல்கிறது. உலோக உடலோடு தெருவில் நடக்கக் கூசும் விக்டர், செயற்கைக் கை, கால் பொருத்தப்பட்ட சிறுவர்களை எதேச்சையாகச் சந்திக்கிறான். இத்தனை நாளும் பார்த்தவர்கள் எல்லாம் முகம் சுளித்த அந்தக் கையை, இந்தப் பிள்ளைகள் ஆசையோடு பார்க்கிறார்கள். உல்ஃப்மேன் நிறையப் பேச வைக்கிற எழுத்தாளர், இங்கேயும் பேச வைக்கிறார். ஆனால் படம் முன்னதாகவே சொல்லிவிடுகிறது. 20ஆம் இதழில் கிட் ஃபிளாஷ் வாலி வெஸ்ட் தன் பெற்றோருக்குக் கடிதம் எழுதுகிறான். அவ்வளவுதான் கதை, அதுவே போதுமானதாக இருக்கிறது.

இவற்றில் தலையாயது ஜனவரி 1984 தேதியிட்ட 38ஆம் இதழ். டோனாவுக்குத் திருமணம் ஆகப்போகிறது. தான் யார் வயிற்றில் பிறந்தவள் என்று தெரியாமலே மணமேடைக்குப் போகிறாளே என்று டிக் கிரேசன் அதைக் கண்டுபிடிக்கக் கிளம்புகிறான். முகமூடி இல்லை, வில்லன் இல்லை, ஒரு குத்துகூட இல்லை. எரிந்துபோன அந்தக் கட்டடத்துக்கு டோனாவோடு போகிறான். நிலக்கரி போட்டுவைக்கும் இடத்தில் ஒரு பழைய பொம்மை அகப்படுகிறது. அந்தப் பொம்மை எப்போதோ ஒரு பொம்மை மருத்துவமனையில் பழுது பார்க்கப்பட்டது. அந்தக் கடையிலிருந்து ஒரு நூல் பிடித்து, பதிவேடுகள், முதியோர், அனாதை இல்லம் என்று நகர்ந்து, கணவனை இழந்து வறுமையில் குழந்தையை விட்டுக்கொடுத்த வளர்ப்புத் தாயிடம் வந்து சேர்கிறான். பெற்ற தாய் டோரத்தி ஹிங்க்லி இளவயதிலேயே புற்றுநோயில் இறந்துவிட்டாள் என்பது கடைசியில் தெரிகிறது. கல்லறைக்கு முன் டோனா நிற்கும் பக்கத்தை எத்தனையாவது முறை பார்த்தாலும் எனக்குப் பக்கத்தைத் திருப்பச் சற்று நேரமாகிறது. துப்பறியும் திறனை பேட்மேனிடமிருந்து கற்றவன், அதைக் குற்றவாளியைப் பிடிக்கப் பயன்படுத்தாமல் ஒரு தோழிக்குத் தாயைக் கண்டுபிடித்துக் கொடுக்கப் பயன்படுத்துகிறான். ஆசானிடமிருந்து பெற்றதைத் தன் சொந்தமாக ஆக்கிக்கொள்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சூப்பர்ஹீரோ இதழை நான் படித்ததில்லை.

அதற்கு அடுத்த 39ஆம் இதழிலேயே டிக் ராபின் சீருடையைக் கழற்றி வைக்கிறான் என்பதை ஆசிரியர்கள் திட்டமிட்டே அடுக்கினார்கள் என்று நினைக்கிறேன். அதே இதழில் வாலியும் குழுவைவிட்டு விலகி வீடு திரும்புகிறான். ராபின் என்ற பெயர் இருக்கும்வரை தன் பெயர் இன்னொரு பெயருக்குப் பின்னால்தான் ஒலிக்கும் என்பது டிக்குக்குத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போகவில்லை, நன்றியை மறுக்கவில்லை, அமைதியாக விலகுகிறான். நாற்பத்து நான்கு ஆண்டுகள் அச்சில் இருந்த ஒரு பாத்திரத்தை வளரவிட டிசி நிறுவனம் ஒப்புக்கொண்டது அக்காலத்தில் எளிதான முடிவல்ல. ஜூலை 1984இல் அவன் நைட்விங் என்ற பெயரோடு திரும்பினான். அந்தப் பெயரையும் சூப்பர்மேனின் பிறப்புலகமான கிரிப்டானின் மரபிலிருந்து எடுத்துக்கொண்டான். கழுத்து உயர்ந்த அந்த நீல உடை இன்று பார்க்கச் சற்று மேடை நாடக உடை போலத்தான் இருக்கிறது. பெயர் மட்டும் நாற்பது ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.

ராபின் பதவி காலியாக விடப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே 1984 தொடக்கத்தில் ஜேசன் டாட் என்ற இன்னொரு சிறுவன் அந்தச் சீருடையை அணிந்தான். 1988இல் அவன் சாக வேண்டுமா வாழ வேண்டுமா என்று டிசி நிறுவனம் வாசகர்களிடம் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. சாக வேண்டும் என்று 5,343 அழைப்புகள், வாழ வேண்டும் என்று 5,271 அழைப்புகள். 72 அழைப்புகள் வித்தியாசத்தில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டான். உல்ஃப்மேனும் பெரெஸும் துணைப் பிள்ளைகளை மனிதர்களாக்க எவ்வளவு உழைத்தாலும், அந்தத் தொழில் அவர்களைச் செலவழிக்கக்கூடிய பொருளாகத்தான் வைத்திருந்தது என்பதற்கு இது சான்று. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், டைட்டன்ஸ் நூலிலேயே அப்படிச் செலவழிக்கப்பட்ட ஒரு பிள்ளை இருக்கிறாள்.

டெர்ராவைத்தான் சொல்கிறேன். கார்ட்டூனில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் அச்சில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். டாரா மார்க்கோவ் 26ஆம் இதழில் வருகிறாள், 30ஆம் இதழில் குழுவில் சேர்கிறாள். மண்ணையும் பாறையையும் ஏவும் சக்தி அவளுக்கு. மார்க்கோவியா என்ற கற்பனை நாட்டு அரசனுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்து, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவள். வயது பதினைந்து. 34ஆம் இதழில் அவள் ஸ்லேட் வில்சனின் ஒற்றர் என்பது வாசகர்களுக்கு மட்டும் காட்டப்படுகிறது. குழுவினருக்குத் தெரியாது. அடுத்த பல மாதங்கள் வாசகர் அந்த ரகசியத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு படிக்க வேண்டும். 42ஆம் இதழில் அவள் கண்ணில் பொருத்திய வில்லையே ஒளிப்படக் கருவி, குழுவினர் அன்போடு அவளைப் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொரு முகமும் ஸ்லேடுக்குப் போய்ச் சேர்கிறது. கதை நுட்பமாக இது அபாரமான வேலை, இதில் எனக்கு ஐயமே இல்லை. தி ஜூடாஸ் கான்ட்ராக்ட் என்று பெயர் பெற்ற அந்தக் கதை, 44ஆம் இதழைக் கடந்து 1984ஆம் ஆண்டின் மூன்றாவது ஆண்டு மலரில் முடிகிறது. அங்கே தன் சக்தியாலேயே சரிந்த பாறைகளின் அடியில் புதைந்து டெர்ரா இறக்கிறாள்.

இதே கதையில் ஸ்லேடுக்கும் அவளுக்கும் இருந்த உறவும் மறைமுகமாக, ஆனால் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டப்படுகிறது. குழுவின் இருப்பிடமான டைட்டன்ஸ் கோபுரத்தில் முன்பல் சற்றே துருத்திய, சட்டென்று கோபிக்கும் பள்ளிச் சிறுமியாக வரையப்படுகிறவள், ஸ்லேடின் வீட்டில் கண்ணிலும் உதட்டிலும் சாயம் பூசி, வளர்ந்த பெண்ணின் உடையில், விரலிடுக்கில் சிகரெட்டோடு இருக்கிறாள். அவனுக்குப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்ட வயது. இன்று இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் குழந்தை மீதான பாலியல் குற்றம். கதை அந்தப் பெயரை எங்கும் உச்சரிக்கவில்லை. மாறாக, ஆண்டு மலரின் விவரிப்புப் பெட்டிகள், இந்தப் பெண்ணின் பித்துக்கு அவளைத் தவிர வேறு யாரும் பொறுப்பல்ல, யாரும் அவளுக்கு வெறுப்பைக் கற்றுத்தரவில்லை என்ற பொருளில் தீர்ப்பு எழுதுகின்றன. இது என் விளக்கம் அல்ல, அச்சில் இருப்பது.

படைத்தவர்களின் நோக்கம் என்ன என்பதிலும் பெரிய ஐயமில்லை. டெர்ராவைத் தொடக்கம் முதலே கொல்வதற்காகத்தான் உருவாக்கினோம், அவள் மனச்சாட்சியே இல்லாதவள், வாசகர்கள் அவள் திருந்துவாள் என்று எதிர்பார்ப்பார்கள், அதைப் பொய்யாக்க விரும்பினோம் என்ற பொருளில் பெரெஸ் பேசியிருக்கிறார். திருந்தாத ஒரு பாத்திரம் வேண்டும் என்ற ஆசை எழுத்தாளனுக்கு நியாயமானது. ஆனால் அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் யார் என்று பாருங்கள். தகப்பனால் ஒதுக்கப்பட்டவள். விக்டர், ரேவன், கோரி, கார், டோனா எல்லோருக்கும் இருந்த அதே காயம்தான் இவளுக்கும். மற்றவர்களின் கோபத்துக்குக் காரணம் தேடிப் பல இதழ்களைச் செலவிட்ட அதே கைகள், இவளுடைய கோபத்துக்கு மட்டும் காரணமே இல்லை என்று எழுதின. இத்தனைக்கும் 44ஆம் இதழில் ஸ்லேட் எப்படி இப்படியானான் என்பதை அவனுடைய முன்னாள் மனைவி அட்லின் பக்கம் பக்கமாகச் சொல்கிறாள்: ராணுவச் சோதனை, மகன் ஜோசப்பின் தொண்டை அறுபட்ட இரவு, அதற்குக் காரணமான கணவனை அவளே சுட்டதில் போன கண். அவனுக்குக் கிடைத்த முன்கதையில் பத்தில் ஒரு பங்கு அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. 1991இல் ஸ்லேட் தன் பெயரிலேயே தனி இதழ் பெற்று நாயகனானான். அதை எழுதத் தொடங்கியவரும் உல்ஃப்மேன்தான்.

பதினேழு வயதில் நான் டெர்ராவை மனமார வெறுத்தேன், அவள் செத்தபோது நிம்மதியாக இருந்தது. இது நூலின் வெற்றி என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்கு ஒரு மகள் பிறந்து, அவளுக்குப் பதினைந்து வயது ஆனபோது தற்செயலாக அந்த ஆண்டு மலரை மறுபடி எடுத்தேன். முடிக்க இரண்டு நாட்கள் ஆயின. அக்காலத்தில் இப்படித்தான் எழுதினார்கள் என்ற சமாதானம் ஓரளவுக்கு உண்மை என்றாலும் எனக்குப் போதவில்லை, ஏனென்றால் 38ஆம் இதழை எழுதியதும் அதே ஆண்டில், அதே கைகள்தான்.

2003இல் தொடங்கிய கார்ட்டூன் இந்தத் தவறைத் திருத்த முயன்றது என்பது என் ஊகம். அதில் ஸ்லேட் அவளுடைய பயத்தைப் பயன்படுத்தி வசப்படுத்துவது வெளிப்படையாகக் காட்டப்படுகிறது. அவள் கடைசியில் அவனை எதிர்க்கிறாள், எரிமலையை அடக்கித் தானே கல்லாகிறாள். மூலத்தைப் படிக்கும்போது அந்த இரக்கத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உல்ஃப்மேன் படத்தில் தெரிவதையே பெட்டியிலும் எழுதி, குமிழியிலும் பேச வைப்பார். முதல் பத்து இதழ்களில் இது களைப்பைத் தரும். ஸ்டார்ஃபயரின் உடை அன்றைய விடலை வாசகர்களுக்காக வரையப்பட்டது, அவள் குணத்தின் வெள்ளந்தித் தன்மையைச் சொல்லி அதை நியாயப்படுத்துவது பொருந்தவில்லை. தொடக்க இதழ்களில் விக்டரின் பேச்சில் கோபக்காரக் கறுப்பின இளைஞன் என்ற அச்சு வார்ப்பு உண்டு. எட்டாம் இதழுக்குப் பிறகு அது மெல்லக் கரைகிறது. டோனா மணக்கும் டெர்ரி லாங் அவளைவிடப் பல ஆண்டுகள் மூத்த, விவாகரத்தான பேராசிரியர். அந்தக் காதலை நம்பும்படி எழுதியிருக்கிறார்களா என்பதில் வாசகர்கள் அன்றே பிளவுபட்டிருந்தார்கள், நான் நம்பாதவர்கள் பக்கம்.

வாங்குவது பற்றி. ஜூடாஸ் கான்ட்ராக்ட் தனித் தொகுப்பாகக் கிடைக்கிறது, பலரும் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். பழைய பதிப்பு 39ஆம் இதழில் தொடங்குவதால் 38ஆம் இதழையும், டெர்ரா குழுவோடு பழகிய மாதங்களையும் இழந்துவிடுவீர்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் துரோகம் வெறும் திருப்பமாகத்தான் படும். முதல் இதழிலிருந்து வரிசையாகச் செல்லும் தொகுப்புகளை வாங்குங்கள். முதல் ஏழு இதழ்களைப் பொறுமையாகக் கடந்துவிட்டால் பிறகு அதுவே இழுத்துக்கொண்டு போகும். பெரெஸ் வேறு வேலைகளுக்காக விலகிய பிறகு வந்த இதழ்களை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

அக்கா மகளைப் பொறுத்தவரை, 8, 20, 38, 39 ஆகிய நான்கு இதழ்களையும் தயங்காமல் இன்றே கொடுக்கலாம். வரிசையாகப் படித்து அவள் ஆண்டு மலர்வரை வந்தால் தடுக்க வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம், அருகில் உட்காருங்கள். டெர்ராவின் கடைசிப் பக்கங்கள் வரும்போது, அந்த விவரிப்புப் பெட்டிகளைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு படத்தை மட்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியில் இருப்பது பொல்லாத பெண் ஒருத்தியைப் பற்றிய தீர்ப்பு. பெரெஸ் வரைந்திருப்பது தலைமுடி பறக்க, பல் தெரியக் கத்துகிற ஒரு சிறுமியின் முகம். அவள் யாரைப் பார்த்துக் கத்துகிறாள் என்று அக்கா மகளிடம் கேளுங்கள்.